பரிசிலும் வரிசையும்

    

இவ்வுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், கலைத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர் ஒருவர் தம் முதல் ஊதியத்தை எவ்வாறு பேசி முடிவு செய்வது என்பதாகும். பத்தாண்டு நிறைவு விழாவில், கவிதையைப் போற்றும் அவையில், கூலிப் பேச்சு எதற்கு என்று எவரேனும் எண்ணலாம். அவ்வாறு எண்ணும் வழக்கம் இருப்பதனாலேயே இப்பொருளைப் பேச வேண்டியதாகிறது.

பேசுவதற்கு இண்டூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ளது இவ்வூர். தருமபுரியே பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நிலம் இது. அவன் வெறும் கற்பனைத் தலைவன் அல்லன் என்பதற்குத் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு சான்று. அதியமான் என்றதும் ஔவையாரும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இதே அதியமானின் வாயிலில்தான், பரிசில் காலம் தாழ்ந்ததென்று ஒரு புலவர் சினந்து நின்றார். கொடுத்த முறை சரியில்லை என்று இன்னொரு புலவர் பரிசிலையே மறுத்தார். நெல்லிக்கனியைப் பாடநூல்கள் பிள்ளைகளுக்குச் சொல்கின்றன. வாயிலில் நடந்த இந்த வழக்கு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. வேலை தேடிப் புறப்படும் பிள்ளைக்குப் பின்னதுதான் உடனடியாகப் பயன்படும்.

கேட்கக் கூசும் பிள்ளைகள்

இம்மாவட்டத்து உழவர் கேழ்வரகும் புளியும் மாங்கனியும் பட்டுக்கூடும் விளைவிப்பவர். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. அங்கே கூட்டைக் கொண்டுசெல்லும் உழவர், இன்று விலை என்ன என்று கேட்டறியாமல் ஏலத்துக்கு வைப்பதில்லை. விலை கேட்பதை எவரும் இழிவாகக் கருதுவதுமில்லை. ஆனால் அதே உழவரின் மகன் பக்க வடிவமைப்பாளனாகவோ, மகள் விளம்பர எழுத்தாளராகவோ பெங்களூருக்கும் சென்னைக்கும் போய் நேர்காணலில் அமரும்போது, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு, நீங்கள் பார்த்துக் கொடுப்பதைக் கொடுங்கள் என்று விடை சொல்லித் திரும்புகிறார்கள். தந்தைக்கு இல்லாத கூச்சம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

விடை ஓரளவு இலக்கிய உலகிலேயே இருக்கிறது. கலை விலைபொருள் அன்று என்பது மேடைதோறும் கேட்கும் வாசகம். அதில் உண்மை உண்டு. கவிதையின் மதிப்பை ரூபாயில் அளக்க இயலாது. ஆயினும் கவிஞன் வாடகை வீட்டில் இருக்கிறான். மாதத்தின் முதல் வாரத்தில் அவன் தரவேண்டிய தொகை ரூபாயில்தான் இருக்கிறது. கவிதைக்கு விலையில்லை என்பதைக் கவிஞன் உழைப்புக்குக் கூலியில்லை என்று மாற்றிப் பொருள் கொள்வது வாங்குவோர்க்கு மிக வசதியான பிழை. வள்ளுவர் இரவு என ஓர் அதிகாரமும் இரவச்சம் என ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இரப்பதற்கு அஞ்ச வேண்டும் என்றே கொள்வோம். உழைத்ததற்குக் கேட்பது இரத்தல் ஆகாது. இந்த வேறுபாட்டைத் தெளிந்தவர்க்கே நேர்காணல் அறையில் குரல் நடுங்காமல் இருக்கும்.

பழந்தமிழர் இதில் தெளிவாக இருந்தனர். புறத்திணையில் பரிசில் கடாநிலை என்றொரு துறையும் பரிசில் விடை என்றொரு துறையும் உண்டு. கேட்பதற்கும் விடைபெறுவதற்கும் இலக்கணத்தில் இடம் வகுத்த மொழி இது. கேட்பது இழிவென்றால் அதற்கு ஒரு துறை வகுத்திருப்பார்களா?

தச்சன் மக்கள்

புறநானூற்றின் 206ஆம் பாட்டு ஔவையாருடையது. அதியமான் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது, அவர் அரசனிடம் பேசவில்லை. வாயிற்காவலனை விளித்துப் பேசுகிறார். உன் தலைவன் தன் தகுதியை அறியானா, என் தகுதியை அறியானா என்று கேட்கிறார். அறிவும் புகழும் உடையோர் எல்லாரும் மாய்ந்து உலகம் வெறுமையாகிவிடவில்லை என்கிறார். யாழையும் பையையும் கட்டிக்கொண்டு புறப்பட ஆயத்தமாகிறார். எத்திசை சென்றாலும் அத்திசையில் உணவு உண்டு என்ற உறுதியோடு பாட்டு முடிகிறது.

இப்பாட்டைப் புகழ்பெற்ற புலவரின் செருக்காகவே பலரும் படிக்கின்றனர். ஔவையாருக்கு எங்கும் வரவேற்பு உண்டு, அவர் அப்படிப் பேசலாம், நேற்றுப் படிப்பை முடித்த பிள்ளை பேசலாமா என்பது அவர்கள் ஐயம். ஆனால் அவர் எடுத்தாண்ட உவமையைக் கூர்ந்து நோக்கினால் ஐயம் நீங்கும். காட்டுக்குள் மழுவுடன் செல்பவராக அவர் காட்டுவது பெயர்பெற்ற பெருந்தச்சனை அன்று, தச்சனின் சிறுவர்களை. தொழில் கற்றுக்கொண்டு வளர்ந்துவரும் பிள்ளைகளே அவ்வுவமையில் நிற்கின்றனர். அவர்களுக்கு அவர் தரும் அடைமொழி ஒன்றே: கைத்திறம் வாய்ந்தவர்கள். கையில் திறம், திறத்துக்கு ஏற்ற கருவி, நுழைவதற்கு ஒரு காடு. இம்மூன்றும் இருந்தால் வாயில் அடைபட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை.

இளையோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வீறாப்பை அன்று. அதற்கு அடியில் இருக்கும் ஆயத்தத்தை. நேர்காணலுக்குச் செல்லுமுன் தாம் செய்த பணிகளுள் சிறந்த சிலவற்றைத் தொகுத்து வைத்திருப்பது கைத்திறத்தைக் காட்டும் வழி. ஒரே நிறுவனத்தை நம்பியிராமல் இரண்டு மூன்று இடங்களில் முயல்வது, காட்டில் மரம் ஒன்றுதான் என்று எண்ணாத மனநிலை. போக வேறு வழி இருப்பவருக்கே இங்கே நிற்கும்போது குரல் நிமிரும். வேறு வழி இல்லாமல் இருக்கைக்கு வந்தவர் எத்துணைச் சொல்வன்மை உடையவராயினும் கடைசியில் தலையசைத்துவிட்டே எழுவார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. அதியமானைச் சினந்த அதே ஔவையார், 101ஆம் பாட்டில், ஒருநாள் சென்றாலும் பலநாள் சென்றாலும் முதல்நாள் போலவே விருப்பம் காட்டுபவன் அவன் என்றும், பரிசில் காலம் தாழ்ந்தாலும் தாழாவிட்டாலும் அது யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்துக்கொண்ட கவளம் போலத் தப்பாமல் கிட்டும் என்றும் பாடியிருக்கிறார். அவன் மறைந்தபோது நெஞ்சுருகிப் பாடியவரும் அவரே. கேட்டதனால் அந்த நட்பு முறிந்ததாக எங்கும் இல்லை. ஊதியம் பற்றி வாய்திறந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுவோர்க்குத் தகடூர் சொல்லும் ஆறுதல் இது.

காணாமல் கொடுத்த பரிசில்

இரண்டாம் வழக்கு பெருஞ்சித்திரனாருடையது. மலைகளைக் கடந்து அதியமானிடம் வந்த அவருக்கு, அரசன் நேரில் காணாமலே, இதைக் கொண்டு செல்க என்று பரிசில் அனுப்பினான். புலவர் அதைக் கொள்ளவில்லை. காணாது தந்த பொருளைக் கொண்டுபோக, தாம் ஊதியமே குறியான வணிகர் அல்லர் என்றும், தம் கல்வியை அளந்தறிந்து தருவதாயின் தினையளவு தந்தாலும் இனிது என்றும் 208ஆம் பாட்டில் கூறுகிறார்.

கலைஞன் பேரம் பேசலாகாது என்போர் இப்பாட்டைத் தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. தினையளவே போதும் என்று புலவரே சொல்லிவிட்டாரே என்பது அவர்கள் வாதம். இன்றைய நிறுவனங்கள் சிலவும் இதையே வேறு சொற்களில் சொல்கின்றன. எங்களிடம் வேலை செய்தால் பெயர் கிடைக்கும், அனுபவம் கிடைக்கும், பணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று அழகாகப் பேசுகின்றன. ஆகவே இப்பாட்டைத் தனியே படிக்கலாகாது. அதே புலவரின் வேறு இரு பாடல்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

207ஆம் பாட்டில் அவர் இளவெளிமானிடம் பரிசில் மறுக்கிறார். காரணம், அவன் கொடுத்தது சிறிது. பின் குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்றார். அவ்யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டி, இது பரிசிலர்க்குக் கிடைத்தது, பார்த்துக்கொள் என்று சொல்லிச் சென்றதை 162ஆம் பாட்டு தெரிவிக்கிறது. ஆக, தகுதி அறியாமல் கொடுத்ததையும் அவர் கொள்ளவில்லை. தகுதிக்குக் குறைவாகக் கொடுத்ததையும் கொள்ளவில்லை. மதிப்பும் வேண்டும், பொருளும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க அவர் இடம் தரவில்லை.

மதிப்பறிந்து கொடுத்தலைப் பழந்தமிழ் வரிசை என்ற சொல்லால் குறித்தது. மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொன்ன அறிவுரை 121ஆம் பாட்டில் உள்ளது. கொடுத்தல் எளிது, வரிசை அறிதலே அரிது, புலவர் எல்லாரையும் ஒரே தரமாக நோக்குவதை விடுக என்பது அதன் கருத்து. வேலைக்கு ஆள் எடுப்போர் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளத்தக்க சொல் இது. புதியவர்க்கு இவ்வளவுதான் என்று ஒரே கோடு போட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் கொண்டுவந்த பணிகளைப் புரட்டியும் பாராமல் தொகையைச் சொல்வது, காணாமல் கொடுக்கும் பரிசிலே. ஆகவே ஊதியப் பேச்சு தொடங்குமுன், பணிகளைப் பார்க்கும்படி இளைஞர் பணிவாகக் கேட்கலாம். பார்த்த பிறகு சொல்லப்படும் தொகைக்கும் பாராமல் சொல்லப்படும் தொகைக்கும் வேறுபாடு இருக்கும்.

ஆனால் இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். மறுத்தல் மேடையில் கைதட்டல் பெறும். வீட்டில் அதற்கு விலை உண்டு. பெருஞ்சித்திரனாரின் வீட்டு நிலையை 159, 160ஆம் பாடல்கள் காட்டுகின்றன. நடக்க இயலாத முதிய தாய், குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைக்கும் மனைவி, பாலின்றி அழும் பிள்ளை. புலவரின் மானத்துக்கு அவர்களும் பங்கு செலுத்தினார்கள். இண்டூரிலிருந்து வெளியூர் செல்லும் இளையோர் பலருக்கும் பின்னால் இத்தகைய வீடுகள் உள்ளன. ஆகவே, குறைந்த ஊதியத்தை ஏற்றுக்கொண்ட பிள்ளையைத் தன்மானம் அற்றவன் என்று பழிப்பது அறமன்று. செய்யத்தக்கது ஒன்றுண்டு. வாடகை, உணவு, பயணம், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தொகை ஆகியவற்றைக் கூட்டி, இதற்குக் கீழே இறங்கினால் வாழ இயலாது என்ற எல்லையை நேர்காணலுக்கு முன்பே தாளில் எழுதிவைத்தல். எல்லையை அறிந்தவர் அதற்கு மேலே நின்று பேசுவார். அறியாதவர் பேசி முடித்து ஊர் திரும்பும் பேருந்தில் கணக்குப் பார்ப்பார்.

கணக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. நிறுவனங்கள் பலவும் ஆண்டுத் தொகையைப் பெரிதாகச் சொல்கின்றன. அதனுள் வைப்புநிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும் பணிக்கொடை ஒதுக்கீடும் அடங்கியிருப்பதுண்டு. அத்தொகையைப் பன்னிரண்டால் வகுத்துக் கிடைப்பது கைக்கு வராது. மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்பதே சரியான கேள்வி.

ஆம் என்றும் இல்லை என்றும்

கேட்பவர்க்கு மட்டுமன்றிக் கொடுப்பவர்க்கும் ஒழுக்கம் வகுத்தவர் ஆவூர் மூலங்கிழார். பரிசில் தராது காலம் கடத்திய பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் அவர் சொன்னது 196ஆம் பாட்டில் உள்ளது. தர இயல்வதைத் தருவோம் என்றலும், இயலாததை இல்லை என்றலும் ஆகிய இரண்டுமே நேர்மை. இயலாததை இயலும் என்றலும், இயல்வதை இல்லை என்றலும் ஆகிய இரண்டும் கேட்டவரை வாட்டும். கொடுப்பவர் புகழையும் தேய்க்கும். இத்துணை நயமாக நேர்மையைச் சொன்னபின் புலவர் அரசனின் மக்கள் நோயின்றி வாழ்க என்று வாழ்த்திவிட்டுத் தம் வழியே செல்கிறார்.

பெருங்குன்றூர் கிழார்க்கும் இத்தகைய துன்பம் நேர்ந்தது. குடக்கோச் சேரல் இரும்பொறை அவரைப் பலநாள் காத்திருக்க வைத்தான். 210, 211ஆம் பாடல்களில் அவர் மனம் நொந்து வெறுங்கையோடு திரும்புவதைக் காண்கிறோம். ஆனால் பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பதிகம், அவரிடம் பாடல் பெற்ற இளஞ்சேரல் இரும்பொறை 32,000 காணம் கொடுத்ததோடு, அவர் அறியாமலே ஊரும் மனையும் வளமாக அமைத்து வைத்தான் என்று கூறுகிறது. இருவரும் ஒருவரே எனக் கொள்வோர் இதைக் காட்டி, காத்திருந்தால் கிடைக்கும் என்பர். எல்லார்க்கும் அப்படிக் கிட்டுவதில்லை. தெரியாமல் வீடு கட்டிவைத்த அரசனைவிட, என்று தருவேன், எவ்வளவு தருவேன் என்று முதல்நாளே சொன்ன அரசன் அப்புலவரின் வழிநடைத் துயரைக் குறைத்திருப்பான். அன்பளிப்பு இனியது, ஆயினும் எதிர்பார்த்து வாழ்க்கை நடத்த உதவுவது வாக்குறுதியே.

இப்பொழுது சம்பளம் குறைவு, ஆறு மாதத்தில் உயர்த்துகிறோம் என்பது புதியவர்களிடம் அடிக்கடி சொல்லப்படும் சொல். இதைக் கேட்டவர் மகிழலாம். ஆனால் நாளும் தொகையும் கேட்க மறக்கலாகாது. ஆறு மாதம் கழித்து எந்தத் தேதியில், எந்த அளவுகோலால், எவ்வளவு? விடை வந்தால் அது இயல்வதை இயலும் என்றல். விடை வராவிட்டால் அது எந்த வகை என்பதை மூலங்கிழாரிடம் கேட்டு அறியலாம். அதுபோலவே, திறம் பார்க்க வேண்டும் என்று சொல்லி முழு விளம்பரத்தையோ முழு அத்தியாயத்தையோ கூலியின்றி எழுதி வாங்கும் இடங்களும் உண்டு. மாதிரிக்கு ஒரு பத்தி தருவது முறை; முழு வேலையைத் தருவது முறையன்று.

பொருள் மட்டுமே பரிசில் என்று பழையோர் கருதவுமில்லை. தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை, தன்னைப் பாடிய அரிசில் கிழார்க்கு ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசுகட்டிலையும் கொடுக்க முன்வந்தான். புலவர் அரசை அவனே ஆளும்படி வேண்டி, அமைச்சுப் பொறுப்பை ஏற்றார் என்று எட்டாம் பதிகம் கூறுகிறது. பதிகங்கள் பாடல்களுக்குப் பின் எழுந்தவை. எண்களைப் புகழ்ச்சியாகவே கொள்க. ஆனால் அந்நிகழ்ச்சியின் கருத்து கூரியது. கொடுக்க வந்ததை அப்படியே வாங்காமல், தமக்குப் பொருந்தும் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார் அவர். தொகையை உயர்த்த இயலாது என்று நிறுவனம் உறுதியாகச் சொல்லும்போது, பேச்சு அங்கே முடிய வேண்டியதில்லை. படைப்பில் பெயர் இடம்பெறுதல், பணி நேரம், சொந்த எழுத்துக்கு ஒழியும் நாள், தொழில் கற்க வாய்ப்பு ஆகியவையும் பேசத்தக்கவை.

கல்லில் எழுதிய கூலி

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கு மனையும் ஆளுக்கு ஒரு பங்கும் வகுத்தது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வோர்க்கு இரண்டு பங்கு. இசைவாணர்க்கும் பிறர்க்கும் அவரவர்க்குரிய பங்கு. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து அப்பங்கைப் பெறவும், அவர்க்குத் தகுதி இல்லையேல் தகுதி உடையார் அமர்த்தப்படவும் அதில் விதி உண்டு. அந்த அமைப்பின் குறைகள் வேறு. அவற்றை வரலாற்றறிஞர் பேசுகின்றனர். ஆனால் கலைஞர்க்கு எவ்வளவு என்பதை எவரும் படிக்கும்படி கல்லில் வெட்டிவைத்தார்கள் என்பதை மறுக்க இயலாது. வாய்ச்சொல்லை நம்பி எவரும் ஆட வேண்டியிருக்கவில்லை.

இன்று கல் வேண்டியதில்லை; ஒரு தாள் போதும். பணி ஆணை கையில் வராமல் ஏற்கெனவே உள்ள வேலையை விடலாகாது. படைப்புத் தொழிலில் தாளுக்கு மற்றொரு தேவையும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊதியத்துக்குப் பணிபுரிபவர் அப்பணியின்பொருட்டு ஆக்கும் படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். செய்தித்தாள், இதழ் ஆகியவற்றில் பணிபுரிவோர் நிலை சற்று வேறு. இதழில் வெளியிடும் உரிமை இதழுடையவர்க்கு, ஏனைய உரிமை எழுதியவர்க்கு. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன நிழற்படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லையேல், சொன்னவரே உரிமையாளர் ஆகிறார். ஆகவே உடன்பாடு என்ற சொல்லில்தான் இளைய ஓவியரின் எதிர்காலம் இருக்கிறது.

உரிமையை மாற்றித் தருவதாயின் அது கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவை குறிக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா முழுதும் என்றும் கொள்ளப்படும். 2012இல் செய்த திருத்தத்தால், திரைப்படத்துக்குப் பாட்டெழுதுவோரும் இசையமைப்போரும், திரையரங்கில் அப்படத்தோடு காட்டப்படுவது தவிர்ந்த பிற பயன்பாடுகளில் சமப் பங்கு பெறும் உரிமை உறுதியாயிற்று. அவ்வுரிமையை அவர்கள் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது செல்லாது. பாட்டெழுதும் கனவோடு சென்னைக்குப் பேருந்து ஏறும் இளைஞர், சந்த இலக்கணத்தோடு இந்தச் சில பிரிவுகளையும் கற்றுக்கொண்டு ஏறுவது நலம்.

ஆற்றுப்படை எனும் அறம்

இவ்வளவும் ஓர் இளைஞர் தனியே அறிந்துகொள்ள இயலுமா? இயலாது என்பதை உணர்ந்தே பழந்தமிழர் ஆற்றுப்படையைப் படைத்தனர். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனிடம், எந்த வழியில் செல்ல வேண்டும், எவரைக் காண வேண்டும், அவர் எப்படி வரவேற்பார், என்ன கொடுப்பார், எனக்கு என்ன கொடுத்தார் என்று ஒளிக்காமல் சொல்கிறான். புறநானூற்று 103ஆம் பாட்டில் ஔவையாரும் ஒரு விறலியை இவ்வாறே அதியமானிடம் செல்க என்று வழிப்படுத்துகிறார். தொழிலில் போட்டி இருந்திருக்கத்தான் வேண்டும். அப்படியிருந்தும் தான் பெற்றதை மறைக்காமல் சொல்வதை ஒரு பெரும் இலக்கிய வகையாகவே வளர்த்தார்கள்.

இன்றைய நிலை தலைகீழானது. ஒரே அறையில் ஒரே வேலை செய்யும் இருவர், ஒருவர் சம்பளம் மற்றவருக்குத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கின்றனர். இவ்விரகசியத்தால் ஆதாயம் அடைவோர் இருவரும் அல்லர். முன்னே சென்றவர் பின்னே வருபவருக்குத் தொகையைச் சொன்னால், பின்னவர் இருளில் பேரம் பேச வேண்டியிராது.

அண்மைக் காலத்துக்கும் ஒரு சான்று உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார், தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரை முன்மொழிந்தார். அப்பொழுது ஐயர் 25 வயதை எட்டிக்கொண்டிருந்த இளைஞர். ஊதியம் மாதம் 50 ரூபாய். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ, தலபுராணங்கள் பல பாடியும் கடனோடு வாழ்ந்து 1876இல் மறைந்தவர். ஆசிரியருக்குக் கிட்டாத நிலையான வருவாய் மாணவருக்குக் கிட்டியது. கிட்டச் செய்தவர் அதே ஆசிரியரிடம் பயின்ற மூத்த மாணவர். அந்த மாத ஊதியத்தில் குடும்பம் நடத்திக்கொண்டேதான் ஐயர் ஏடு தேடினார். 1887இல் சிந்தாமணியும், 1894இல் புறநானூறும், 1904இல் பதிற்றுப்பத்தும் அச்சேறின. இவ்வுரையில் சொன்ன ஔவையாரும் பெருஞ்சித்திரனாரும் அரிசில் கிழாரும் அந்த அச்சின் வழியே வந்து சேர்ந்தவர்கள். ஓர் இளைஞருக்கு உரிய நேரத்தில் உரிய ஊதியம் கிடைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்க்கு இதைவிடப் பெரிய விடை இல்லை.

அமைப்புகளின் கடமை

இறுதியாக, இலக்கிய அமைப்புகள் தம்மையும் வாயிலின் உட்புறத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். விழா மலருக்கு அட்டை வரைபவர் பெரும்பாலும் ஓர் இளைஞர். அச்சுக்கோப்பவர், மெய்ப்புத் திருத்துபவர், ஒலிநாடாவைக் கேட்டு உரையை எழுதித் தருபவர் ஆகியோரும் இளையவர்களே. தமிழுக்காகச் செய் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. அச்சகத்தாரிடம் அப்படி எவரும் சொல்வதில்லை. தாள் வணிகரிடமும் பந்தல்காரரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள் என்பது தெரியும். கேட்டுக்கொள்ளும் பிள்ளையிடம் மட்டும் தமிழின் பெயரால் கூலியைக் குறைப்பது, அவனுடைய தமிழ்ப் பற்றுக்கு விதிக்கும் வரி.

சிறிய அமைப்புகளிடம் பெருந்தொகை இல்லை. உண்மை. இல்லாததை இல்லை என்று சொல்வதும் நேர்மை என்று மூலங்கிழார் வகுத்திருக்கிறார். ஆனால் இயன்றதைத் தருதல் வேண்டும். தருமுன் சொல்லுதல் வேண்டும். செய்த வேலையைப் பார்த்து, செய்தவர் பெயரை அச்சிட்டு, முகம் பார்த்துத் தருதல் வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தில் பந்தலுக்கு ஒரு வரி எழுதும்போது ஓவியருக்கும் ஒரு வரி எழுதினால் போதும். தினையளவாக இருப்பினும் அது வரிசையறிந்த பரிசில் ஆகும்.

அதற்கு அடுத்தபடியாக, அமைப்பின் மூத்த உறுப்பினர்கள் ஆற்றுப்படுத்தும் கடமையை ஏற்கலாம். பதிப்பகத்தில், வானொலியில், தொலைக்காட்சியில், விளம்பரத் துறையில், கணினி வடிவமைப்பில் பணிபுரிந்தவர்கள், எந்த வேலைக்கு எவ்வளவு தருகிறார்கள், எதை எழுத்தில் வாங்க வேண்டும், எந்தச் சொல்லை நம்பலாம் என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் இளையோர்க்குச் சொல்லலாம். கவியரங்குக்கு ஒதுக்கும் பொழுதில் ஒரு நாழிகையை இதற்கு ஒதுக்குவதால் கவிதை குறைந்துவிடாது. இடையிலே எழுத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்பைத் தேடிப் போகிறவர்கள் குறைவார்கள். அதனால் கவிதை பெருகும்.

தகடூரின் கோட்டை அழிந்தது, அரசும் மறைந்தது. அதியமானின் வாயிலில் நின்று ஒரு பெண்பாற் புலவர் தம் தகுதியைத் தாமே எடுத்துரைத்த சொல் மட்டும் அழியவில்லை. அந்தச் சொல்லைப் பாராட்டிப் பேசும் அவைகள், அதே சொல்லை இண்டூர்ப் பிள்ளை ஒருவர் நேர்காணல் அறையில் சொல்லும்போது துணை நிற்க வேண்டும்.